படம் இல்லாத பிரிவு

ஆபீசில் அவளுக்கு நொட்டை என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன்தான். வீட்டில் பாப்பா, ஆபீசில் நொட்டை. முப்பத்தாறு வயதில் இரண்டுமே அவளுக்குப் பொருந்தவில்லை. குறை கண்டுபிடிப்பதற்கென்றே ஒருத்தியை வேலைக்கு வைத்துக்கொண்டு, எப்போது பார்த்தாலும் குறை சொல்கிறாள் என்று அவளுக்குப் பட்டப்பெயரும் சூட்டுகிற சாமர்த்தியம் அண்ணன்மார்களுக்கு மட்டும்தான் வரும்.

அண்ணனுடையது வெப்சைட் செய்து தருகிற கம்பெனி. ஒரு மாடி, நாலு மேஜை, கண்ணாடி போட்ட ஒரு அறை. அந்த அறை அண்ணனுக்கு. வாடிக்கையாளரிடம் பேசுவது, தலையாட்டுவது, தேதி கொடுப்பது அவன் வேலை. பக்கத்தை வரைந்து நிறம் கொடுப்பவன் மைனர். பூப்போட்ட சட்டையும் நெற்றியில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடியுமாக வருவதால் அந்தப் பெயர். வாசகம் எழுதுபவர் புலவர். ‘தங்கள் வரவு நல்வரவாகுக’ என்று ஆரம்பிக்காமல் ஒரு பக்கம் எழுதத் தெரியாத மனுஷர். இவர்கள் செய்ததையெல்லாம் ஓடுகிற வெப்சைட்டாகக் கட்டி நிறுத்துபவர் மேஸ்திரி; அவர் வாயைத் திறப்பது மாதத்துக்கு நாலு முறை. எல்லாரும் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்ட பிறகு, அழையாத விருந்தாளி மாதிரி வந்து சோதித்துப் பார்ப்பவள் நொட்டை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் உண்டு. அதில் ஐந்து பேருக்கும் ஐந்து கையெழுத்து. ஐந்தும் விழாமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்பது அண்ணன் வைத்த விதி.

அண்ணனுக்கு விதி வைப்பதில் அலாதி ஆசை. அவன் அறைச் சுவரில் கண்ணாடி பிரேமுக்குள் நாலு வரி தொங்கிக்கொண்டிருக்கும். வருகிறவர் யார், எதற்கு வந்தார் என்று முதலில் கேள். அவரைத் தேட வைக்காதே. முக்கியமானதை மேலே வை. அழகு அப்புறம். புதிதாக யார் வந்தாலும் அந்த நாலு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டுவான். கேட்பவர்கள் உருகிப் போவார்கள். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியின் வேலை வந்தது. ஆஸ்பத்திரித் தரப்பில் பேச வந்தவர் மக்கள் தொடர்பு அதிகாரி. மக்களோடு அவருக்கு என்ன தொடர்பு என்று கடைசிவரை நொட்டைக்குப் புரியவில்லை. வந்தவர் உட்காருவதற்கு முன்னால் ஒரு பட்டியலை எடுத்து மேஜையில் வைத்தார்.

“பதினாலு துறை, பதினாலு தலைவர்கள். முதல் பக்கத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கட்டம், கட்டத்துல படம். யாருக்கு சர்வீஸ் அதிகமோ அவர் மேல வரணும். ஒருத்தர் படம் இன்னொருத்தர் படத்தைவிட ஒரு நூல் பெருசா இருந்தாலும் என் தலைதான் உருளும், சொல்லிட்டேன்.”

“ஒரு நூல் கூட மாறாது சார்” என்றான் அண்ணன். மைனர் அதற்குள் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டான்.

நொட்டை பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே இன்னொரு முறை படித்தாள். “இதுல அவசரப் பிரிவைக் காணோமே சார்?”

“அதுக்கு இப்போ தலைவர் இல்லைம்மா. போன மாசம் ரிடையர் ஆயிட்டார். புது ஆள் இன்னும் போடலை.”

“தலைவர் இல்லைன்னா பிரிவே இல்லையா?”

“பிரிவு இருக்கு. படம் இல்லையே!” அவர் நியாயமான பதிலைச் சொல்லிவிட்டவர் மாதிரி எல்லாரையும் பார்த்தார். “கட்டம் பத்தி முடிவு பண்ண மீட்டிங் போட்டோம். பதினாலு பேரும் வந்து அவங்கவங்களுக்குக் கேட்டு வாங்கினாங்க. அவசரப் பிரிவுக்காகக் கேக்க ஆள் யார் இருக்கா, சொல்லுங்க?”

“படம் இல்லாம நம்பரை மட்டும் போடலாமே” என்றாள்.

“காலிக் கட்டம் வெச்சா முன்பல் விழுந்த மாதிரி இருக்கும்க்கா” என்றான் மைனர். “அதோட பதினாலுன்னா ரெண்டு ரெண்டா அழகா உக்காருது. பதினஞ்சுன்னா ஒண்ணு தனியாத் தொங்கும்.”

அழகு அப்புறம் என்கிற நாலாவது வரி அவன் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவசரப் பிரிவுக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். ‘எங்களைப் பற்றி’ என்பதை அழுத்தி, உள்ளே ‘நிர்வாகம்’ என்பதை அழுத்தி, அதற்குள்ளே ‘இதரப் பிரிவுகள்’ என்பதை அழுத்தினால், சலவைப் பிரிவுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நடுவில் அதுவும் அதன் நம்பரும் இருந்தன. மற்ற நம்பர்களையெல்லாம் அதிகாரி எடுக்கச் சொன்னார். நம்பர் கொடுத்தால் போன் ஓயாமல் அடிக்குமாம். ‘தொடர்புக்கு’ என்ற பக்கத்தில் ஒரு பெட்டி மட்டும் வைத்தார்கள். உங்கள் கேள்வியை எழுதுங்கள், மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்று புலவர் அதற்குக் கீழே பணிவோடு எழுதியிருந்தார்.

மொத்த முதல் பக்கத்திலும் ஒரே ஒரு போன் நம்பர்தான் இருந்தது. அது அண்ணனுடையது. பக்கத்தின் அடியில், கறுப்புப் பட்டையில், மஞ்சள் எழுத்தில், ‘தளத்தை உருவாக்கியவர்கள்’ என்று கம்பெனிப் பெயரும், பக்கத்தில் ஒரு குட்டிப் போன் படமும், ஆபீஸ் நம்பரும். கம்பெனிப் பெயரைப் பொடி எழுத்தில் போட்டிருந்த மைனரைக் கூப்பிட்டு, நம்பரை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக்கச் சொன்னவன் அண்ணன். பார்க்கிற யாராவது நாளைக்கு வேலை கொடுக்கக் கூப்பிடுவார்கள் அல்லவா.

நொட்டை தன் வேலையைச் செய்தாள். ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி வாசல் கூடத்துக்கே போனாள். பெஞ்சில் காத்திருந்தவர்களிடம் போனை நீட்டி, “உங்க வீட்ல ஒருத்தருக்குத் திடீர்னு முடியாமப் போச்சுன்னு வெச்சுக்குங்க. இதைப் பார்த்து அவசரப் பிரிவைக் கூப்பிடுங்க” என்றாள். ஒன்பது பேரிடம் கேட்டாள். ஒவ்வொருவருக்கும் எத்தனை விநாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் அளந்தாள். ஒன்பது பேரும் கட்டை விரலால் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனார்கள். ஏழு டாக்டர் வரிசையும், பதினாலு மூஞ்சியும் தாண்டினார்கள். ஏழு பேர் அடிக்குப் போய், மஞ்சள் நம்பரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து அதை அழுத்தினார்கள். இரண்டு பேர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இதை எழுதிக்கொண்டு போய் அண்ணன் முன்னால் வைத்தாள். அவன் படித்தான். சிரித்தான்.

“அப்போ நம்ம நம்பர் பளிச்சுன்னு தெரியுதுன்னு அர்த்தம்.”

அவளுக்கு வந்த கோபத்தில் அந்தக் கண்ணாடி பிரேமைக் கழற்றி அவன் மடியில் போட்டிருப்பாள். “அண்ணா, விளையாடாதே. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

எட்டு நாள் போடவில்லை. அந்த எட்டு நாளும் ஆபீஸ் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. மைனர் வணக்கம் சொல்வதை நிறுத்தினான். புலவர் அவளைக் கடக்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். அதிகாரி தினமும் கூப்பிட்டு, திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, பெரிய டாக்டர் தன் கையால் பட்டனை அழுத்தப்போகிறார் என்று அண்ணனைக் கரைத்தார். எட்டாம் நாள் மாலை அண்ணன் தாளோடு அவள் மேஜைக்கே வந்தான். ஆபீஸ் என்பதையும் மறந்து வீட்டுப் பெயரைச் சொன்னான்.

“பாப்பா, ஒரே ஒரு வாரம். விழா முடியட்டும். அடுத்த வாரமே நம்பரை மேல ஏத்திடலாம். என் மேல சத்தியம்.”

சத்தியம் என்றதும் இளகிவிட்டாள். அந்த இளகலை நினைத்து அப்புறம் எத்தனையோ தடவை தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். குறை எதுவும் இல்லை என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே, ஐந்தாவது கட்டத்தில், கையெழுத்துப் போட்டாள்.

விழா நடந்தது. பெரிய டாக்டர் பட்டனை அழுத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாள் காலை ஆபீஸ் போன் அடிக்க ஆரம்பித்தது.

அந்தப் போன் வாசலை ஒட்டிய நொட்டையின் மேஜையில்தான் இருந்தது. முதல் அழைப்பு, குழந்தை மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்டது என்று. இரண்டாவது, கை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது என்று. “இது ஆஸ்பத்திரி இல்லைங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் திட்டினார்கள், அழுதார்கள், ஒருவர் “ஆஸ்பத்திரி இல்லைன்னா எதுக்குய்யா நம்பர் போட்டீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவசரப் பிரிவின் நம்பரை ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி எதிர்ச் சுவரில் ஒட்டினாள். இரண்டு நாளில் தாள் தேவைப்படவில்லை, மனப்பாடம் ஆகிவிட்டது. போனை எடுப்பாள், ஆஸ்பத்திரி இல்லை என்று சொல்ல மாட்டாள், நேராக நம்பரைச் சொல்வாள், இரண்டு முறை சொல்வாள், வைப்பாள். நாளைக்குப் பத்து, பன்னிரண்டு. அவள் சாப்பிடப் போனால் போன் அடித்து அடித்து ஓயும். மற்றவர்கள் எடுக்க மாட்டார்கள். போன் எடுப்பது அவர்கள் கட்டத்தில் இல்லை.

ஒரு வாரம் ஆயிற்று. “அண்ணா, சத்தியம் பண்ணியே?” என்று கேட்டாள்.

“அதிகாரிகிட்ட சொல்லியிருக்கேன். கமிட்டி கூடணுமாம்.”

மூன்று வாரம் ஆயிற்று. “புதுத் தலைவர் வந்துடுவாராம். வந்தா படம் கிடைச்சுடும். படம் கிடைச்சா கட்டம் போட்டுடலாம்.”

“அதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கணும்னு வேண்டிக்கலாமா?”

“இப்பவும் ஆகலையே. ஏதாவது ஆச்சுன்னு ஆதாரம் இருக்கா உங்கிட்ட? நீதான் நம்பர் குடுத்துடறியே” என்றான் அண்ணன். அவன் அதைச் சமாதானமாகத்தான் சொன்னான். அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. ஒரு வெப்சைட்டில் இருக்கவேண்டியதைத் தன் தொண்டைத் தண்ணீர் வற்ற அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு அவள் நிற்க, ஒழுகவில்லையே என்கிறான்.

நாலாவது வாரம் ஒரு திங்கட்கிழமை. காலை பத்தரைக்குள் ஒன்பது அழைப்பு வந்தாயிற்று. கண்ணாடி அறைக்குள் அண்ணன் ஒரு புது வாடிக்கையாளரை உட்கார வைத்திருந்தான். பள்ளிக்கூடம் நடத்துகிற புருஷனும் பெண்சாதியும். சுவரில் இருக்கும் பெரிய திரையில் ஆஸ்பத்திரி வெப்சைட் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் எழுந்து நின்று பிரேமில் விரலை வைத்தான். கண்ணாடி வழியாக அவன் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவரைத் தேட வைக்காதே.

நொட்டை போனை ஒயரோடு பிடுங்கினாள். வேகமாக நடந்து அறைக் கதவைத் தள்ளினாள். அண்ணன் மேஜையில் போனை வைத்து, அங்கிருந்த துளையில் ஒயரைச் சொருகினாள்.

“என்ன இது?” என்றான் அண்ணன்.

“இனிமே நீ எடு.”

“வாடிக்கையாளர் இருக்காங்க, நொட்டை.”

“இருக்கட்டும். அவங்களும் பார்க்கட்டும்.”

பள்ளிக்கூடத்துத் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். போன் அடித்தது.

எடுக்காமல் இருக்க முடியாது; வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரை அழுத்தி, புது வாடிக்கையாளருக்கென்று வைத்திருக்கிற குழைந்த குரலில் “வணக்கம்” என்றான்.

“ஆஸ்பத்திரிங்களா? எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது, நெஞ்சப் புடிச்சுக்கிட்டுக் கீழ விழுந்துட்டார். சீக்கிரம் வண்டி அனுப்புங்க.” ஒரு பெண்ணின் குரல். பின்னால் யாரோ தண்ணீர் தண்ணீர் என்று கத்துவது கேட்டது.

“இது… இது ஆஸ்பத்திரி இல்லைங்க. வெப்சைட் கம்பெனி.”

“அய்யோ, அப்போ ஆஸ்பத்திரி நம்பரைக் குடுங்க அண்ணா! சீக்கிரம்!”

அண்ணனுக்கு நம்பர் தெரியாது. தெரியாது என்பது அவனுக்கே அந்த நேரத்தில்தான் தெரிந்தது. திரைப் பக்கம் திரும்பினான். “ஒரு நிமிஷம் இருங்க, இங்கதான் இருக்கு” என்றான்.

கதவோரம் நின்ற நொட்டையின் கை கடிகாரத்துக்குப் போனது. பித்தானை அழுத்தினாள். விநாடி ஓட ஆரம்பித்தது. ஆதாரம் கேட்டான் அல்லவா, இதோ ஆதாரம். ஆஸ்பத்திரிக் கூடத்தில் சோதித்த ஒன்பது பேருக்கு அடுத்து பத்தாவது ஆள் இவன், தேடட்டும்.

அண்ணன் பக்கத்தைக் கீழே தள்ளினான். பதினாலு டாக்டர்களும் ஒரு நூல் பிசகாமல் சிரித்தார்கள். இதயத் துறைக் கட்டத்தை அழுத்தினான். அதன் தலைவர் எங்கெங்கே படித்தார், என்னென்ன விருது வாங்கினார் என்று பக்கம் விரிந்தது. பின்னால் வந்தான். ‘தொடர்புக்கு’ அழுத்தினான். உங்கள் கேள்வியை எழுதுங்கள். மூன்று வேலை நாட்கள்.

“அண்ணா, இருக்கீங்களா? அண்ணா!”

“இருக்கேம்மா, இருக்கேன்” என்றான். மறுபடி முதல் பக்கம், மறுபடி பதினாலு மூஞ்சி. அடியில் தன்னுடைய மஞ்சள் நம்பரைப் பார்த்ததும் அதன்மேல் ஒரு கணம் அவன் கை நின்றது. பள்ளிக்கூடத்து அம்மா எழுந்துவிட்டாள். அண்ணன் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அந்த முகத்தை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்ததில்லை.

“பாப்பா, நம்பர்!”

அவள் சொன்னாள். அண்ணன் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொன்னான். ஆறாவது எண்ணில் அந்தப் பக்கம் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. ஒரு அலறல் கேட்டது. லைன் அறுந்துவிட்டது.

அண்ணன் திருப்பிக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டான். நொட்டை குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தபோது முள் எங்கே இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதானே நின்றாள். நாற்பத்தோரு விநாடி.

நாற்பத்தோரு விநாடி அந்த நம்பர் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு மாதமாக முகம் தெரியாத எல்லாருக்கும் எடுத்தவுடன் சொன்ன நம்பர்.

பள்ளிக்கூடத்துத் தம்பதி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். அண்ணன் பன்னிரண்டு தடவை கூப்பிட்டான். மத்தியானம் ஒரு கிழவர் எடுத்தார். பக்கத்து வீடாம். கதவு திறந்து கிடந்ததாம், போன் தரையில் கிடந்ததாம்.

“அவங்களை யாரோ கார்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க தம்பி.”

“எந்த ஆஸ்பத்திரிக்குங்க? அவர் எப்படி இருந்தார்?”

“தெரியலையேப்பா. நான் பார்க்கும்போது வண்டி கிளம்பிடுச்சு.” வைத்துவிட்டார்.

அண்ணன் அதிகாரியைக் கேட்கவில்லை. கமிட்டியைக் கேட்கவில்லை. மேஸ்திரியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான். “முதல் வரிசையை எடுங்க. அங்க அவசரப் பிரிவு நம்பர் வரணும். திரை அகலத்துக்கு. நம்ம நம்பரைத் தூக்கிடுங்க.”

“முதல் வரிசையில பெரிய டாக்டர் இருக்காரே” என்றான் மைனர்.

“எடுக்கச் சொன்னேன்” என்று அண்ணன் போட்ட சத்தத்தில் புலவர் எழுந்து நின்றுவிட்டார்.

மேஸ்திரி அந்த மாதத்து வார்த்தையைச் செலவு செய்தார். “இதை முன்னாடியே பண்ணியிருந்தா பத்து நிமிஷ வேலை” என்றார். பத்து நிமிஷம்தான் ஆயிற்று.

அரை மணியில் அதிகாரி கூப்பிட்டார். பெரிய டாக்டரின் படம் எங்கே என்று அவர் கத்தியது நாலு மேஜைக்கும் கேட்டது. “எடுத்துட்டேன் சார்” என்றான் அண்ணன். “திருப்பிப் போட மாட்டேன். வேணும்னா நம்ம வேலையை நிறுத்திக்குங்க.” போனை வைத்தான். ஒரு மாதத்துக்கு முன்னால் இந்தக் குரல் வந்திருக்க வேண்டும் என்று நொட்டைக்குத் தோன்றியது. தோன்றிய கோபம் முழுசாக அவன்மேல் போய் விழவில்லை. பாதி வழியிலேயே திரும்பி அவளிடம் வந்தது.

சாயங்காலம் அண்ணன் புதுத் தாளோடு வந்தான். நாலு கையெழுத்தும் விழுந்திருந்தன. “போட்டுடு பாப்பா” என்றான். அவன் கண் சிவந்திருந்தது. “எல்லாம் என் தப்புதான். நான்தான் கேக்கலை.”

“எல்லாம் இல்லை” என்றாள்.

அவளுடைய கட்டத்தில், குறை எதுவும் இல்லை என்ற அச்சு வரியைப் பேனாவால் அழுத்தி அடித்தாள். அதன் கீழே எழுதினாள்: நம்பர் தெரிந்திருந்தும் சோதிப்பவர் நாற்பத்தோரு விநாடி வாயைத் திறக்கவில்லை. படித்துப் பார்த்தாள். பிழை ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டு அண்ணனிடம் நீட்டினாள்.

அவன் அதைப் படித்துவிட்டு, நொட்டை என்றும் கூப்பிடவில்லை, பாப்பா என்றும் கூப்பிடவில்லை. அவன் மேஜைக்கு மாறியிருந்த போன் அன்றைக்கு அதற்கப்புறம் அடிக்கவே இல்லை.